'கோட்டார் 2': பாதியில் அறுந்த கதையை முழுதாக மறுபடி விளையாட ஒரு வழிகாட்டி

2004 டிசம்பரில் எக்ஸ்பாக்ஸிலும் 2005 பிப்ரவரியில் கணினியிலும் வந்த 'ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2 - தி சித் லார்ட்ஸ்' (சுருக்கமாக 'கோட்டார் 2') கேமை முடித்தவர்கள் எல்லோருக்கும் கடைசி ஒரு மணி நேரம் நினைவிருக்கும். மாலகோர் என்ற சிதைந்த கோளில் கப்பல் விழுகிறது. நாற்பது மணி நேரம் கூடவே வந்த கூட்டாளிகள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. நீங்கள் தனியாக நடக்கிறீர்கள். கூட்டாளிகளில் ஒருவரான பாவோ-டுர் வளர்த்த சின்னஞ்சிறு உருண்டை ரோபோ ஒரு முக்கியமான வேலையை முடிக்கப் போகிறது. கோட்டோ என்ற இன்னொரு ரோபோ அதை வழிமறிக்கிறது. அதோடு காட்சி அறுந்துவிடும். யார் ஜெயித்தார்கள் என்று சொல்லாமலே கேம் முடிந்துவிடும்.

எனக்கு அன்றைக்கு ஏதோ ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்றுதான் தோன்றியது. கேமை அழித்துவிட்டு மறுபடி ஏற்றி, பழைய சேவிலிருந்து அந்த இடத்தை இரண்டாம் முறை விளையாடிப் பார்த்தேன். அதே முடிவு. எதுவும் கெட்டுப்போகவில்லை, கதையே முடிக்கப்படாமல் வந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த அறுந்த இழைகளைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டிருக்கிறது, ரசிகர்கள் செய்த 'சித் லார்ட்ஸ் ரெஸ்டோர்ட் கன்டென்ட் மாட்' (மாட் என்றால் கேமை மாற்றியமைக்கும் கூடுதல் ஃபைல்களின் தொகுப்பு). அதைச் சரியாக ஏற்றி, சரியான வேகத்தில், எதையும் தவறவிடாமல் மறுபடி விளையாடுவது எப்படி என்பதற்கான வழிகாட்டி இது. ஏற்கெனவே ஒரு முறை முடித்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆனாலும் பெரிய திருப்பங்களை உடைக்கவில்லை. முதல் முறை விளையாடுபவரும் நேராக இந்த மாட்டோடு தொடங்கலாம். சொல்லப்போனால் அப்படித்தான் தொடங்க வேண்டும்.

இந்த மாட் என்ன செய்கிறது

முதல் 'கோட்டார்' 2003இல் பயோவேர் செய்தது. இரண்டாம் பாகத்தை அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த அப்சிடியன் நிறுவனத்திடம், கேமை வெளியிட்ட லூகாஸ்ஆர்ட்ஸ் கொடுத்தது. அப்சிடியனின் முதல் கேமே இதுதான். முதல் பாகத்தின் என்ஜினை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் இவ்வளவு பெரிய கதையைக் கட்டினார்கள். தலைமை வடிவமைப்பாளர் கிறிஸ் அவலோன். நேரம் போதவில்லை. ரோபோக்கள் மட்டுமே வாழும் எம்4-78 என்ற ஒரு கோள் முழுதாகக் கைவிடப்பட்டது. டெலோஸ் கோளில் இருந்திருக்க வேண்டிய, எச்கே எனப்படும் கொலையாளி ரோபோக்களின் தொழிற்சாலை போயிற்று. மாலகோரின் பெரும்பகுதி வெட்டுப்பட்டது.

நடிகர்கள் அந்தக் காட்சிகளுக்கான வசனங்களை ஏற்கெனவே பேசிக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் இதில் அதிசயம். அந்தக் குரல் பதிவுகளில் ஏராளமானவை வெளியான கேமின் ஃபைல்களுக்குள்ளேயே கிடந்தன. பாதி எழுதிய உரையாடல்களும், பயன்படுத்தாத இடங்களும் அப்படியே உள்ளே இருந்தன. மாட் செய்தவர்கள் அவற்றைத் தோண்டி எடுத்து, எது எதோடு சேரும் என்று பார்த்துப் பார்த்து இணைத்தார்கள். கூடவே நூற்றுக்கணக்கான பிழைகளையும் திருத்தினார்கள். பழைய ஓலைச்சுவடியில் செல்லரித்த இடத்தை மற்றப் பிரதிகளை வைத்து நிரப்புகிற பதிப்பாசிரியர் வேலை மாதிரி இது. தம் கற்பனையை உள்ளே திணிக்காமல், ஆசிரியர் விட்டுச் சென்றதைக் கொண்டே முடிந்தவரை நிரப்பியிருக்கிறார்கள். அந்த அடக்கம்தான் எனக்கு இந்த மாட்டில் மிகவும் பிடித்தது.

ஆகவே இதை ஏற்றினால் படங்கள் பளபளப்பாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முகங்கள் 2004இன் முகங்களாகவே இருக்கும். கூடுவது கதைதான்.

எந்தப் பதிப்பு உங்களிடம் இருக்கிறது

கணினியில் ஸ்டீம் அல்லது ஜிஓஜி, இந்த இரண்டு இணையக் கடைகளில் எதில் வாங்கியிருந்தாலும் சரி. 2015இல் ஆஸ்பைர் நிறுவனம் ஸ்டீம் பதிப்பைப் புதுப்பித்தது. அகலத்திரை, கன்ட்ரோலர், மேக், லினக்ஸ் ஆதரவெல்லாம் அப்போதுதான் வந்தன. கூடவே ஸ்டீம் வொர்க்‌ஷாப் வசதியும் வந்ததால், இந்த மாட்டை ஒரே கிளிக்கில் ஏற்ற முடிந்தது. ஜிஓஜியில் வொர்க்‌ஷாப் கிடையாது; இன்ஸ்டாலர் வழிதான்.

2020 டிசம்பரில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் கேம் வந்தது. அங்கேயும் மாட் ஏற்ற வழி உண்டு, ஆனால் ஃபைல்களைக் கையால் நகர்த்த வேண்டும். நின்டென்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வருத்தமான செய்தி. 2022 ஜூனில் அங்கே கேம் வந்தபோது, வெட்டப்பட்ட பகுதிகள் பின்னால் இலவசமாக வரும் என்று அறிவித்திருந்தார்கள். 2023இல் அது கைவிடப்பட்டது. இந்த மாட்டுக்காகவே கேம் வாங்குவதாக இருந்தால் கணினிப் பதிப்பையே வாங்குங்கள்.

ஏற்றுவதற்கு முன் இடத்தைச் சுத்தம் செய்யுங்கள்

பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை வருவது இந்தக் கட்டத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், கேம் ஏற்கெனவே கணினியில் இருந்தால் நீக்கிவிடுங்கள். நீக்கிய பிறகும் பழைய ஃபோல்டர் அங்கேயே கிடக்கும். அதற்குள் முன்பு நீங்கள் போட்ட மாட் ஃபைல்கள் இருக்கும். ஸ்டீம் தான் வைத்ததை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகும். எனவே அந்த ஃபோல்டரையும் கையால் அழியுங்கள். ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் இந்தக் கேமுக்கு எதையாவது சப்ஸ்கிரைப் செய்திருந்தால் எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள்.

பிறகு, விண்டோஸின் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்கு வெளியே, வேறொரு டிரைவிலோ தனி ஃபோல்டரிலோ கேமை ஏற்றுங்கள். அந்த ஃபோல்டருக்குள் எதையும் மாற்ற விண்டோஸ் எளிதில் விடாது. மாட் ஏற்றியாகிவிட்டது என்று திரை சொல்லும், உள்ளே பாதிதான் போயிருக்கும். ஸ்டீமின் அமைப்புகளில் 'ஸ்டோரேஜ்' பகுதிக்குப் போனால் புதிய இடத்தைச் சேர்க்கலாம்.

கேமின் மொழி ஆங்கிலத்தில் இருக்கட்டும். மாட் வேறு சில மொழிகளிலும் கிடைக்கிறது. ஆனால் கேம் ஒரு மொழி, மாட் ஒரு மொழி என்று இருந்தால் வசனங்கள் இடம் மாறிப்போகும்.

ஏற்றியதும் ஒரு முறை கேமைத் திறந்து, முதன்மைத் திரை வரை போய், தெளிவுத்திறனை அமைத்துவிட்டு வெளியே வாருங்கள். கேம் தனக்கு வேண்டிய அமைப்பு ஃபைலை இந்த முதல் திறப்பில் எழுதிக்கொள்ளும். இப்போது முழு ஃபோல்டரையும் இன்னோர் இடத்தில் நகல் எடுத்து வைத்துவிடுங்கள். பின்னால் ஏதாவது குழம்பினால் மறுபடி டவுன்லோட் செய்யாமல் இந்த நகலிலிருந்து தொடங்கலாம். இந்தப் பத்து நிமிட வேலை எனக்கு ஒரு முறை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை மிச்சப்படுத்தியது.

மாட்டை ஏற்றுதல்

வொர்க்‌ஷாப்பில் ஒரே கிளிக்கில் முடிகிற வேலைக்கு ஏன் இன்ஸ்டாலரைத் தேட வேண்டும் என்று கேட்பீர்கள். இந்த ஒரு மாட் மட்டும் போதும், வேறெதுவும் சேர்க்கப்போவதில்லை என்றால் வொர்க்‌ஷாப்பே போதும். தாராளமாகச் செய்யுங்கள். இன்னொரு மாட் சேர்க்கும் எண்ணம் துளியும் இருந்தால் வொர்க்‌ஷாப் பக்கம் போகாதீர்கள். காரணம் புரிய, இந்தக் கேம் ஃபைல்களை எப்படித் தேடுகிறது என்று பார்க்க வேண்டும்.

கேமின் மூலப் பொருட்கள் எல்லாம் பெரிய பெரிய மூட்டைகளாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கதவோ உரையாடலோ உடையோ தேவைப்படும்போது, கேம் முதலில் 'ஓவர்ரைடு' என்ற ஃபோல்டரைப் பார்க்கும். அந்தப் பெயரில் ஃபைல் அங்கே இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால்தான் மூட்டையை அவிழ்க்கும். மாட்கள் பெரும்பாலும் இந்த ஒரு பழக்கத்தை வைத்துத்தான் வேலை செய்கின்றன. ஆனால் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் ஒரு ஃபோல்டரில் இருக்க முடியாதே. இரண்டு மாட்கள் ஒரே ஃபைலைத் தொட்டால், பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்துவிட்டு உட்காரும். வொர்க்‌ஷாப் மாட்கள் இதற்கும் வெளியே வேறோர் இடத்தில் இருக்கும். நீங்கள் கையால் போடும் மாட்டுக்கு அவை இருப்பதே தெரியாது. அங்கேதான் சிக்கல்.

இதிலும் ஆபத்தானவை அட்டவணை ஃபைல்கள். கேமில் உள்ள உருவங்கள், திறன்கள், பொருட்கள் எல்லாம் வரிசை எண் போட்ட அட்டவணைகளில் இருக்கின்றன. ஒரு மாட் 700ஆம் வரியில் புதிய முகத்தைச் சேர்க்கிறது, இன்னொன்றும் அதே வரியில் வேறொரு முகத்தைச் சேர்க்கிறது என்று வையுங்கள். வெறுமனே மேலெழுதினால் முதலாவது போயே போய்விடும். இதைத் தவிர்க்கத்தான் 'டிஎஸ்எல் பேட்ச்சர்' என்ற சிறு கருவியை மாட் செய்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். அது உங்கள் அட்டவணையைத் திறந்து பார்த்து, காலியான அடுத்த வரியில் தன் வரியைச் சேர்க்கும். பழைய ஃபைலுக்கு ஒரு நகலும் எடுத்து வைக்கும்.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது: பெரியது முதலில், சிறியது பின்னால். ரெஸ்டோர்ட் கன்டென்ட் மாட் தன் ஃபைல்களை முழுதாக வைக்கும் மாட். அதை முதலில் ஏற்றுங்கள். மற்றவை அதற்கு மேல். வரிசையைத் தலைகீழாக்கினால் பெரியது சிறியவற்றைத் துடைத்துவிடும்.

'டெட்லி ஸ்ட்ரீம்' தளத்தில் இன்ஸ்டாலர் கிடைக்கும். இந்த மாட்களுக்கு அதுதான் தாய்வீடு. இறக்கியதும் ஓட்டுங்கள். கேம் எங்கே இருக்கிறது என்று கேட்கும். ஸ்டீமில் கேமின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து, 'மேனேஜ்' என்பதற்குள் 'ப்ரௌஸ் லோக்கல் ஃபைல்ஸ்' அழுத்தினால் திறக்கும் ஃபோல்டர்தான் அது. கேமை ஓட்டும் ஃபைல் கண்ணுக்குத் தெரிகிற ஃபோல்டரைக் காட்டுங்கள், 'ஓவர்ரைடு' ஃபோல்டரை அல்ல. இந்தத் தவறைச் செய்தால் ஓவர்ரைடுக்குள் இன்னோர் ஓவர்ரைடு முளைக்கும். கேம் திறக்கும், ஆனால் ஒரு மாற்றமும் இருக்காது.

முடிந்ததும் ஓவர்ரைடு ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஃபைல்களின் எண்ணிக்கை முன்பைவிட எக்கச்சக்கமாகக் கூடியிருந்தால் வேலை நடந்திருக்கிறது.

பழைய சேவிலிருந்து மட்டும் தொடராதீர்கள். ஓர் இடத்துக்கு நீங்கள் ஒரு முறை போய்விட்டால், அந்த இடம் அப்போது இருந்த நிலையிலேயே சேவுக்குள் பதிந்துவிடும். பிறகு மாட் ஏற்றினாலும் அந்த இடங்களில் மாற்றம் வராது. அங்கே பழையது, இங்கே புதியது என்று கதை இரண்டாகப் பிளக்கும். புதிய ஆட்டம்தான் தொடங்க வேண்டும்.

திரை உறைந்து போகாமல் இருக்க

சண்டை முடிந்ததும் உங்கள் ஆள் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார். திரும்புவார், கையை அசைப்பார், நடக்க மாட்டார். புதிய கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். கேமின் கணக்கு நொடிக்கு 60 படங்களுக்கு மேல் போனால் குழம்புவதுதான் காரணம். கிராஃபிக்ஸ் அமைப்பில், படங்களின் வேகத்தை மானிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் வி-சிங்க் வசதியைப் போட்டுவிடுங்கள். உங்கள் மானிட்டர் 120, 144 ஹெர்ட்ஸ் வகையாக இருந்தால், இந்தக் கேம் ஓடும்போது 60க்கு இறக்குங்கள். அப்படியும் ஒரு முறை மாட்டிக்கொண்டால் அங்கேயே சேவ் செய்து திறந்தால் நடந்துவிடுவார்.

காரணமில்லாமல் கேம் மூடிக்கொண்டால் 'ஃபிரேம் பஃபர் எஃபெக்ட்ஸ்', 'சாஃப்ட் ஷேடோஸ்' இரண்டையும் அணைத்துப் பாருங்கள். அழகில் பெரிய நஷ்டமில்லை.

சேவ் ஃபைல்களைப் பொறுத்தவரை, ஒவ்வொரு கோளில் இறங்கும்போதும் புதிதாக ஒன்று. ஒரே சேவின் மேல் திரும்பத் திரும்ப எழுதாதீர்கள்.

வேறு எந்த மாட் வேண்டும்?

என் தீர்மானமான கருத்து: இந்த மறு ஆட்டத்தில் வேறெதுவும் வேண்டாம். அதிகபட்சம், முகங்களையும் சுவர்களையும் கொஞ்சம் தெளிவாக்கும் மாட் ஒன்று. கதையைத் தொடும் எதையும் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு மாட்டும் விளக்கத்தில் ரெஸ்டோர்ட் கன்டென்ட் மாட்டோடு ஒத்துப்போகுமா என்று சொல்லியிருக்கும். சொல்லவில்லையென்றால் ஒத்துப்போகாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எம்4-78 கோளை மீட்கும் மாட் தனியாக இருக்கிறது. மூலக் கேமில் கொரிபான் கோளில் பிணமாகக் கிடக்கும் ஜெடாய் (ஸ்டார் வார்ஸின் போர்வீரத் துறவிகள்) குரு லோனா வாஷை அதில் உயிரோடு பார்க்கலாம். இது பலரை ஈர்க்கும் என்று தெரியும். உழைப்பும் பெரிது. ஆனால் அந்தக் கோளில் ரோபோவிடமிருந்து ரோபோவுக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும். கதை அங்கே போய்த் தேங்குகிறது. மூன்றாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுவதானால் முதன்மை மாட்டுக்கு அடுத்ததாக, மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக ஏற்ற வேண்டும்.

பெராகஸில் அவசரப்படாதீர்கள்

எபன் ஹாக் கப்பலில் டி3-எம்4 ரோபோவோடு வரும் தொடக்கப் பகுதியைத் தாண்டிவிடலாம் என்று கேம் கேட்கும். தாண்ட வேண்டாம். கடைசியில் உருண்டை ரோபோ தனியாக உருண்டு போகும்போது இந்தத் தொடக்கம் நினைவுக்கு வரும்.

அடுத்து வரும் பெராகஸ் சுரங்கத்தைப் பலருக்குப் பிடிக்காது. நீளம், ஆளில்லாத வெறுமை, கையில் நல்ல ஆயுதம் கிடையாது. அதைத் தாண்டிச் செல்ல மாட்கள்கூட உண்டு. எனக்கோ கேமின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று அது. குணமாக்கும் திரவத் தொட்டியில் கண் விழிக்கிறீர்கள், சுற்றிலும் பிணங்கள், பிணவறையில் ஒரு கிழவி எழுந்து உட்காருகிறாள். யார் கொன்றார்கள் என்பது சுரங்கத் தொழிலாளர்கள் விட்டுச் சென்ற பதிவுகளில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒவ்வொரு கணினியையும் திறந்து படியுங்கள். முடிவு தெரிந்தவர்கள் இரண்டாம் முறை படிக்கும்போது, அந்த மரியாதை மிக்க மொழிபெயர்ப்பு ரோபோ சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வேறு பொருள் தெரியும்.

ஆளை உருவாக்கும்போது நான் 'கான்சுலர்' அல்லது 'சென்டினல்' வகுப்பை எடுப்பேன். இந்தக் கேமில் சண்டை சுலபம், பேச்சுதான் கடினம். அறிவுக்கு 14 வையுங்கள், திறன் புள்ளிகள் அதிலிருந்துதான் வருகின்றன. பேசி இணங்கவைக்கும் 'பர்சுவேட்' திறன் ஒவ்வொரு நிலையிலும் முழுதாக ஏறட்டும். அடுத்தது 'ரிப்பேர்'. ரோபோக்களிடம் பேசவும், பணிமேசையில் பொருள் செய்யவும், ஒன்றைச் சரிசெய்யவும் அது வேண்டும். ஜெடாயின் ஒளிவாளான லைட்சேபருக்கு அவசரப்படாதீர்கள். பாகங்கள் சேர்ந்ததும் பாவோ-டுர் உதவுவார்.

ஒளிப் பக்கமா இருள் பக்கமா என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்து, ஒரே பக்கமாகப் போங்கள். நடுவில் நிற்பவருக்கு இந்தக் கேம் சில கதவுகளைத் திறப்பதில்லை. 15ஆம் நிலையில், பிணவறையில் எழுந்த கிழவியான கிரேயா கற்றுத்தரும் உயர் வகுப்பும், கொரிபான் குகைக்குள் ஒளிந்திருக்கும் கல்லறையும் ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்தவர்களுக்குத்தான். அந்தக் கல்லறைக்குள் உங்கள் பழைய போரின் நினைவுகள் எதிரே வந்து நிற்கும். அதைத் தவறவிட்டால் இந்தக் கதையின் நெஞ்சைத் தவறவிட்டது போல.

கூட்டாளிகளின் நெருக்கம்: கேமின் உயிர் இங்கேதான்

கூட்டாளிகள் ஒவ்வொருவருக்கும் உங்கள் மேல் ஒரு நெருக்கக் கணக்கு உண்டு. அவர்கள் கூட வரும்போது நீங்கள் பேசுவதையும் செய்வதையும் பார்த்து அது ஏறும், இறங்கும். திரையில் ஒரு வரி வந்து போகும், கவனியுங்கள். மிக நெருக்கமானாலும் பேசுவார்கள், மிக வெறுத்தாலும் பேசுவார்கள். நடுவில் இருந்தால்தான் வாயைத் திறக்க மாட்டார்கள். எனவே எல்லோரையும் மாற்றி மாற்றி அழைத்துக்கொண்டு போவதைவிட, ஓர் ஆட்டத்துக்கு மூன்று நான்கு பேரை நன்றாக நெருங்குவது மேல்.

ஒவ்வொரு முறை கப்பலுக்குத் திரும்பும்போதும் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசுங்கள். இது சலிப்பு அல்ல, இதுதான் கேம். சரியாகப் பேசினால் ஆட்டன், பாவோ-டுர், மிரா, ஹேண்ட்மெய்டன் அல்லது டிசைப்பிள் ஆகியோரை ஜெடாயாகப் பயிற்றுவிக்கலாம். ஆட்டனின் உண்மையான கதை நார் ஷாடா என்ற இடத்தில் இரண்டு ட்வி'லெக் இன ஆட்கள் சொல்லும் ஒரு செய்தியிலிருந்துதான் தொடங்கும். அவர்களிடம் பேசாமல் போனால் ஆட்டன் கடைசி வரை வெறும் வாயாடியாகவே இருப்பான். மனதுக்குள் ஏன் அவன் பஸாக் சீட்டுகளை எண்ணிக்கொண்டே இருக்கிறான் என்பதற்கான விடை அதன் பிறகுதான் கிடைக்கும்.

கிரேயா தனி. சாரா கெஸ்டல்மன் என்ற பிரிட்டிஷ் நாடக நடிகை அந்தக் குரலைக் கொடுத்திருக்கிறார். நார் ஷாடாவின் அகதிகள் பகுதிக்குக் கிரேயாவை அழைத்துப் போங்கள். ஒரு பிச்சைக்காரர் 5 கிரெடிட் கேட்பார். முதல் ஆட்டத்தில் யோசிக்காமல் கொடுத்திருப்பீர்கள். கொடுத்த காசே அவருக்கு வினையாவதைக் கிரேயா காட்டுவாள்: அவரைவிடப் பசித்த ஒருவன் அவரை அடித்துப் பிடுங்குவான். இந்த முறை மறுத்துப் பாருங்கள். விரக்தியில் அவர் இன்னொருவரை அடித்துப் பறிப்பார். எதைச் செய்தாலும் அவள் கண்டிப்பாள். முன்னால் ஒரு சேவ் வைத்துக்கொண்டு இரண்டையும் பாருங்கள். தானம் செய்தால் புண்ணியப் புள்ளி, மறுத்தால் பாவப் புள்ளி என்று மற்ற கேம்கள் எண்ணிக்கொண்டிருந்தபோது, உன் இரக்கம் யாருக்காக என்று இந்தக் கேம் கேட்டது. அவள் சொல்வதை நான் இன்னும் முழுதாக ஏற்கவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நின்று யோசிக்கிறேன்.

தனியாக விடப்படும் தருணங்களுக்குத் தயாராகுங்கள்

உங்கள் ஆளை விட்டுவிட்டு இன்னொருவராக விளையாட வைப்பது இந்தக் கேமின் பழக்கம். நார் ஷாடாவில் டி3-எம்4 ஒரு கிடங்குக்குள் தனியாகப் போகும், ஆட்டன் இரண்டு கூலிக்கொலைகாரச் சகோதரிகளைத் தனியாகச் சந்திப்பான், மிரா விஷவாயு நிறைந்த மதுக்கூடத்துக்குள் போவாள். ஒன்டெரான் கோளில் நடக்கும் போரின்போது நீங்கள் நகரத்தில் இருக்க, நீங்கள் தேர்ந்தெடுக்கும் மூன்று பேர் டிக்ஸுன் நிலவிலுள்ள கல்லறைக்குப் போவார்கள். மாட் இத்தகைய இடங்களைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை.

எனவே நல்ல கவசம், நல்ல துப்பாக்கி எல்லாவற்றையும் இரண்டு பேர் மேலேயே குவிக்காதீர்கள். நிலை உயர்வுகளை உடனுக்குடன் போடுங்கள். ஒவ்வொருவர் கையிலும் மருந்துப் பொதியும் கேடயமும் இருக்கட்டும். தேவையில்லாத பொருட்களை விற்காமல் பணிமேசையில் உடைத்தால் பாகங்கள் கிடைக்கும். அவற்றைக் கொண்டு எல்லோருடைய ஆயுதங்களையும் மேம்படுத்தலாம்.

எச்கே-47ஐச் சரிசெய்வது கட்டாயம்

மாட்டின் பெரிய பரிசு டெலோஸ் எச்கே தொழிற்சாலை. அதைத் தவறவிடுபவர்கள் பலர், ஏனென்றால் கப்பலின் மூலையில் உடைந்து கிடக்கும் எச்கே-47ஐ அவர்கள் சரிசெய்வதே இல்லை. நான்கு பாகங்கள் வேண்டும். சில கடைகளில் விற்கும், சில வழியில் கிடைக்கும். பெட்டிகளில் கிடைக்கும் பொருட்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் என்பதால், கடைக்காரர்களை ஒவ்வொரு கோளிலும் பார்த்துவிடுங்கள். 'எச்கே' என்று தொடங்கும் எதையும் விற்காதீர்கள், உடைக்காதீர்கள்.

அவன் எழுந்ததும் பேசிக்கொண்டே இருங்கள். வழியில் எச்கே-50 ரோபோக்கள் மூன்று மூன்றாக வந்து மறிக்கும். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் அவனிடம் போய் அவற்றைப் பற்றிக் கேளுங்கள். தன்னைப் பார்த்துச் செய்யப்பட்ட மட்டமான நகல்கள் அவை என்பது அவனுக்குத் தாங்க முடியாத அவமானம். அந்தப் பேச்சைக் கடைசி வரை கொண்டுபோனால், கதையின் பின்பகுதியில் அவன் தனியாகத் தொழிற்சாலைக்குள் நுழைவான். தன் பிரதிகளோடு அவன் நடத்தும் வாக்குவாதங்கள் இருபது வருடமாக யாரும் கேட்காமல் கிடந்திருக்கக்கூடியவை. எல்லா வரிகளையும் கேளுங்கள், அழுத்தித் தாண்டாதீர்கள்.

கோள்களின் வரிசை, பிறகு மாலகோர்

டெலோஸுக்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம். என் வரிசை: முதலில் நார் ஷாடா, ஏனென்றால் மிராவும் (இருள் பக்கமென்றால் ஹன்ஹாரும்) கோட்டோவும் அங்கேதான் கூட்டத்தில் சேர்கிறார்கள். அடுத்து டான்டூயின், பெண் பாத்திரம் எடுத்திருந்தால் டிசைப்பிள் அங்கே காத்திருப்பான், அப்போது இதையே முதலில் வைக்கலாம். பிறகு டிக்ஸுன் வழியாக ஒன்டெரானின் முதல் பாதி, அதன் பின் கொரிபான். அதற்குள் ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்திருப்பீர்கள் என்பதால் கல்லறை திறக்கும். ஒன்டெரானின் இரண்டாம் பாதிக்கு அழைப்பு தானாக வரும்.

கோள் கோளாகத் தேடி எல்லா ஜெடாய் குருமார்களையும் கண்ட பிறகு டான்டூயினுக்குத் திரும்பச் சொல்வார்கள். அங்கே போவதற்கு முன் நின்றுவிடுங்கள். அதற்குப் பிறகு கதை ஒரே ஓட்டம், கப்பலில் உட்கார்ந்து நிதானமாகப் பேச நேரம் கிடைக்காது. மிச்சமிருக்கும் பேச்சு, பயிற்சி, ஆயுத மேம்பாடு எல்லாவற்றையும் இங்கேயே முடித்துக்கொண்டு ஒரு தனி சேவ் வையுங்கள்.

மாலகோரை ஒரே அமர்வில் முடிக்கும்படி நேரம் ஒதுக்குங்கள், மூன்று மணி நேரமாவது. ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஆள் புழுதியில் தனியாக நடப்பார், முன்பு போலவே. ஆனால் இந்த முறை நடுநடுவே கதை மற்றவர்களிடம் போகும். உருண்டை ரோபோ உங்கள் கைக்கு வரும். அதற்குச் சண்டை தெரியாது. மாலகோரின் பூதாகரமான விலங்குகளை விட்டு விலகி, பாறை ஓரமாக உருண்டு, பாவோ-டுர் சொல்லி வைத்த இயந்திரங்களை ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். கடைசி இயந்திரத்தருகே கோட்டோ மிதந்து வந்து வழிமறிக்கும். அன்றைக்குத் திரை அறுந்த அதே இடம். இந்த முறை காட்சி தொடரும்.